சமயம் பேசாத வீட்டில் வளர்ந்தவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 36. தாத்தா சுயமரியாதை இயக்கத்தவர். அப்பாவும் அவ்வழியிலேயே எங்களை வளர்த்தார். வீட்டில் சாமி படம் இல்லை, விரதம் இல்லை, எனக்கு ஜாதகமும் எழுதவில்லை. பக்தி மிகுந்த குடும்பத்தில் மணமுடித்திருக்கிறேன். அண்மையில் சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றபோது அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தை ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். எல்லாரும் கண்மூடி உருகுகையில் எனக்குள் ஒன்றுமே எழவில்லை. என் வளர்ப்பில் ஏதேனும் குறை நேர்ந்துவிட்டதா? ஆறு வயது மகளை எப்படி வளர்ப்பது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நட்சத்திரம் தெரியாமல் விழித்தது பழக்கமின்மை. கண்மூடியபோது ஒன்றும் எழாதது நம்பிக்கை தொடர்பானது. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவு செய்துவிடாதீர்கள். கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, யோசிக்கத் தெரியும் முன்பே, பாட்டியின் இடுப்பில் இருந்தபடி, திருநீற்றை எந்தக் கையில் வாங்குவது, ஆரத்தியை எப்படிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, எந்தப் பக்கமாக வலம் வருவது என்பதையெல்லாம் கற்றுவிடுகிறது. இவற்றை முப்பது வயதுக்குமேல் கற்பவர், அடுத்து என்ன செய்ய வேண்டும், யாராவது கவனிக்கிறார்களா என்ற எண்ணத்திலேயே நிற்கிறார். அந்தப் பதற்றத்தில் யாருக்கும் மனம் உருகாது. பழகிய பிறகும் ஒன்றும் எழவில்லை என்றால், அப்போது அதை உங்கள் இயல்பு என்று தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

உங்கள் வீடு வெறுமையான வீடும் அல்ல. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மேற்கொண்ட பயணம் இங்குள்ள தமிழரிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு செய்தித்தாளைத் தொடங்கினார். சாதி ஒழிப்பு, பெண் கல்வி, சடங்குச் செலவைக் குறைத்தல், தமிழ்ப் பற்று ஆகியவற்றை உங்கள் தாத்தாவின் தலைமுறை ஒரு நெறியாகவே கைக்கொண்டது. சமயத்தைப் பற்றி அக்கறையே இல்லாத வீடு வேறு. சமயத்தை ஆராய்ந்து, காரணம் சொல்லி விலக்கிய வீடு வேறு. இரண்டாவது வகை வீட்டில் வளர்ந்தவர், பின்னாளில் கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், ஏன் என்று கேட்கும் பழக்கத்தை விடுவதில்லை. நீங்கள் எனக்கு எழுதியதே அதற்குச் சான்று.

வளர்ப்பு எவ்வளவு தூரம் நம்மைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஒரு புள்ளிவிவரம் உண்டு. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2014இல் நடத்திய பெரிய ஆய்வில், எந்தச் சமயத்தையும் சாராமல் வளர்ந்தவர்களில் 53 விழுக்காட்டினரே வளர்ந்த பிறகும் அப்படியே இருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதோ ஒரு சமயத்தைச் சேர்ந்தவர்களாகத் தங்களைக் கூறிக்கொண்டனர். அந்நாட்டு நிலவரத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இங்கு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான குடியிருப்பாளர்களில் 20 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்றனர். ஆனால் இந்தியரிடையே அந்த விகிதம் மிகவும் குறைவு. நம்மவரிடையே திருமணம், பண்டிகை, துக்கம் எல்லாமே சமயத்தோடு பின்னிக் கிடப்பதால், சமயமற்றவர் ஒருவகையில் விருந்தாளியாகவே நிற்க நேர்கிறது. உங்களை வாட்டுவது பெரும்பாலும் இந்தத் தனிமைதான் என்பது என் எண்ணம்.

மகளைப் பற்றி: தெற்குக் கலிபோர்னியாவில் பல தலைமுறைக் குடும்பங்களை 1970களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்த வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர், பெற்றோரின் சமயப் பிடிப்பு பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவதில் பெற்றோர் காட்டும் நெருக்கத்துக்கு, குறிப்பாகத் தந்தையின் அன்புக்கு, பெரும்பங்கு இருப்பதைக் கண்டார். ஆகவே கோயிலா இல்லையா என்பதைவிட மகளோடு உங்களுக்குள்ள நெருக்கமே முக்கியம். அவள் பாட்டியோடு கோயிலுக்குப் போகட்டும்; திருநீறு பூசவும் பொங்கல் பிரசாதம் வாங்கவும் கூச்சமின்றிப் பழகட்டும். "அம்மா, நீங்கள் சாமி கும்பிடுவீர்களா?" என்று அவள் கேட்கும் நாளில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அத்தையிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளைக்காக நம்புவதாக நடிப்பதை நான் ஏற்கவே மாட்டேன்; பிள்ளைகள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள்.

கேள்வி: நானும் மனைவியும் எந்தச் சமயத்தையும் பின்பற்றுவதில்லை. மகன் வளர்ந்து தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தேசிய சேவையை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவன், நண்பர்களோடு தேவாலயத்துக்குப் போய்வருகிறான். இப்போது ஞானஸ்நானம் பெறப்போவதாகச் சொல்கிறான். அவன் மனத்தில் ஒரு வெற்றிடத்தை நாங்களே உண்டாக்கிவிட்டோமோ?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஐயா, 18 வயது நிரம்பாதவரின் சமயத்தைத் தீர்மானிக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு பெற்றோரிடமே தருகிறது. அதை நீங்கள் பயன்படுத்தாமல், முடிவை மகனிடம் விட்டீர்கள். அவர் இப்போது முடிவெடுத்திருக்கிறார். அது நீங்கள் எதிர்பார்த்த முடிவாக இல்லாததால் மனம் வருந்துகிறது. அந்த வருத்தம் இயல்பானது, அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். வெற்றிடம் என்று நீங்கள் அஞ்சுவது, அவரைப் பொறுத்தவரை தேடிப் பார்க்கக் கிடைத்த சுதந்திரமாகவும் இருந்திருக்கலாம். சமயம் பேசாத வீடுகளிலிருந்து வரும் இளையருக்கு, வாரந்தோறும் கூடிப் பாடி, நோயுற்றால் பார்க்க வரும் ஒரு கூட்டம் மிகுந்த ஈர்ப்பைத் தருகிறது. கொள்கை பெரும்பாலும் அதன் பிறகே மனத்தில் பதிகிறது. அங்கே அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேளுங்கள், விவாதிக்காமல் கேளுங்கள். வீட்டாரோடு உறவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியோ, பெருந்தொகை கேட்டோ யாரேனும் வற்புறுத்துகிறார்களா என்பதை மட்டும் நேரடியாக விசாரியுங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால், ஞானஸ்நானத்துக்கு உங்களை அழைக்கும்போது நீங்களும் மனைவியும் போய்வாருங்கள்.