ஸ்கிரிப்ட் திறந்துவிட்ட ஃபைலைப் பயனர் மூடிவிட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸில் பைதான் ஸ்கிரிப்ட் ஒரு எக்செல் ஃபைலைத் திறக்கிறது, பயனர் திருத்தி மூடியபிறகுதான் அடுத்த வேலை நடக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் மாட்டியிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலை ஸ்கிரிப்ட் தயாரித்துத் திறந்து வைக்கும். கணக்குப் பார்க்கும் அக்கா லீவு நாட்களைத் திருத்தி மூடுவார். பிறகு அது மெயிலில் போக வேண்டும். முதல் மாதமே திருத்தாத பட்டியல் போய்விட்டது. ஃபைலைத் திறக்கும் பைதான் கட்டளையான ஓஎஸ்.ஸ்டார்ட்ஃபைல், திறக்கச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும், காத்திருக்காது. சரி என்று, வேறு புரோகிராமை ஓடவிடும் சப்பிராசஸ் மாட்யூலில் எக்செலை ஓடவிட்டு, அது முடியும்வரை காத்திருக்க வெயிட் போட்டேன். ஏற்கெனவே எக்செல் திறந்திருந்தால், புதிய பிராசஸ் (ஓடும் புரோகிராம்) ஃபைலை அதனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. வெயிட்டும் முடிந்துவிடுகிறது.

எனவே பிராசஸை விட்டுவிட்டு ஃபைலைப் பாருங்கள். எக்செலில் திருத்தத் திறந்திருக்கும்வரை அந்த ஃபைல் லாக் ஆகியிருக்கும், அதாவது வேறு புரோகிராம் அதில் எழுத முடியாது. பைதானில் அதை 'ஏ' மோடில் (இருப்பதன் கடைசியில் சேர்த்து எழுதும் முறை) திறந்து பார்த்தால் பெர்மிஷன் எரர் வரும். மூடியதும் வராது. தயவுசெய்து 'டபிள்யூ' மோடு (இருப்பதை அழித்துப் புதிதாக எழுதும் முறை) போடாதீர்கள்: லாக் விலகிய நொடியே ஃபைல் காலியாகிவிடும். அக்கா ஒரு மதியம் முழுக்கத் திருத்தியது அப்படித்தான் போனது. இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதே ஃபோல்டரில் பெயருக்கு முன்னால் ~$ ஒட்டிய மறைவு ஃபைல் ஒன்றும் இருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் போனால் அது அப்படியே தங்கிவிடும்.

எக்செல் எழுந்து வரவே சில நொடி பிடிக்கும். அதற்குள் சோதித்தால் 'லாக் இல்லை, மூடிவிட்டார்' என்று ஸ்கிரிப்ட் முடிவு கட்டிவிடும். முதலில் லாக் விழும்வரை காத்திருங்கள், பிறகுதான் அது விலகும்வரை. சேவ் செய்யும்போது எக்செல் தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றும், அந்த இடைவெளியில் லாக் விலகியதுபோலத் தெரியலாம். 2 நொடி இடைவெளியில் மூன்று முறை தொடர்ந்து லாக் இல்லை என்றால்தான் நான் ஏற்றுக்கொள்வேன்.

நோட்பேடுக்கு இந்த வழி சரிப்படாது. அது ஃபைலைப் படித்ததும் விட்டுவிடும், லாக்கே இருக்காது. டெக்ஸ்ட் ஃபைல் என்றால் விஎஸ் கோடு என்ற எடிட்டரை --வெயிட் கொடுத்து அழையுங்கள், அந்த டேபை மூடும்வரை காத்திருக்கும்.

இன்னொன்று. அக்கா மூடிவிட்டு, ஒரு தொகை சந்தேகமாகி உடனே மறுபடி திறப்பார். அதனால் மூடியது தெரிந்ததும் நேராக மெயில் அனுப்பாமல், 'அனுப்பலாமா?' என்று ஒரு சின்னப் பெட்டி காட்ட வைத்தேன். அதற்குப் பிறகு தப்பான பட்டியல் ஒன்றும் போகவில்லை.