காரணம் தெரியவில்லை

அன்பின் ஐயா,

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் பொறியியல் முடித்துவிட்டு, கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். விண்கலங்களை இயக்குவதும் செய்மதிகளின் நலனைக் கண்காணிப்பதும் பற்றிய முதுமாணிப் படிப்புக்கு ஐரோப்பாவில் இடம் கிடைத்திருக்கிறது. “எங்களிடம் எந்தச் செய்மதி இருக்கிறது, நீ போய்ப் பார்த்துக்கொண்டிருக்க?” என்று அப்பா கேட்கிறார். அம்மாவுக்கு இரவு வேலை என்பதே பிடிக்கவில்லை. எனக்கும் தயக்கம் உண்டு. செய்மதியை வடிவமைப்பவர்கள்தானே உண்மையான பொறியியலாளர்கள்? இது வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அல்லவா? அதையும் சில ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். கடன் எடுத்துப் போகலாமா? இத்துறையைத் தமிழில் வாசிக்க ஏதேனும் உண்டா? என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

நம் அலுவலகங்களில் பதிவேடுகள் எழுதப்படும் விதத்தைப் பற்றிச் சில காலமாக எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்தபோது, ‘வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை’ என்ற உங்கள் வரி கண்ணில் பட்டது. அதனால்தான் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதுகிறேன். கடன் பற்றி என்னிடம் கேட்பதில் பயனில்லை. என் வங்கிக் கணக்கைப் பார்த்தவர்கள் எவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். தமிழில் வாசிக்க மிகக் குறைவாகவே இருக்கிறது. இப்போது ஆங்கிலத்தில் வாசியுங்கள், பிறகு நீங்களே தமிழில் எழுதுங்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமானதுதான். ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தைச் சேர்ந்த நம் பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்து உருவாக்கிய இராவணா-1 என்ற செய்மதி, 2019 ஏப்ரல் 17 அன்று ஏவப்பட்டு, ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அது ஒரு கிலோகிராம் அளவிலான சிறு பெட்டி. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் விடப்படும் அத்தகைய பெட்டிகள் சில ஆண்டுகளுக்குள் விழுந்து எரிந்துவிடும் என்பதால், உள்ளூரில் இந்த வேலைக்கு இடம் குறைவு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் கப்பல் வேலைக்குப் போகும்போது அந்தக் கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறது என்று எந்த அப்பாவும் கேட்பதில்லை.

நம் ஊரில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிளார்க்கின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதில் கொழும்புக்காரர்களாகிய நாம் சளைத்தவர்கள் அல்லர். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் அவர் எழுதியதை எல்லோரும் சொல்வார்கள். அந்த நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருந்து பழுது பார்ப்பார்கள் என்றே அவர் எண்ணியிருந்தார் என்பதை எவரும் சொல்வதில்லை. மனிதர்கள் அங்கே போகவில்லை. அந்தப் பராமரிப்பாளர் கீழே, ஒரு கட்டுப்பாட்டு அறையில் உட்கார வேண்டியதாயிற்று. நீங்கள் ‘வெறும்’ என்று தள்ளியது அவருடைய வேலையைத்தான்.

அவர் எதைப் பார்க்கிறார் என்று கொஞ்சம் பொறுமையாக யோசியுங்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதி ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை வெயிலுக்குள்ளும் பூமியின் நிழலுக்குள்ளும் போய் வருகிறது. வெயிலில் மின்கலம் ஏறுகிறது, நிழலில் இறங்குகிறது. கொழும்பின் வானத்தில் அது ஒரு தடவை கடக்கும்போது கூடிப்போனால் பத்து நிமிடம் தொடர்பு கிடைக்கும். நிழலை விட்டு வெளியே வரும் கணத்தில் மின்னழுத்தம் சென்ற மாதம் 7.6 வோல்ட், இந்த மாதம் 7.5 வோல்ட் என்றும், மஞ்சள் எச்சரிக்கைக்கான எல்லை 7.0 என்றும் வைத்துக்கொள்வோம். கணினி எல்லாவற்றையும் பச்சையில் காட்டும். மின்கலம் முதுமை அடைகிறதா, சூரியத் தகட்டின் ஒரு வரிசை செயலிழந்துவிட்டதா, ஒரு சூடாக்கி அணையாமல் ஓடுகிறதா, அல்லது சுற்றுப்பாதையின் தளம் மெல்லத் திரும்பியதால் நிழலில் இருக்கும் நேரமே கூடிவிட்டதா? கடைசிக் காரணமென்றால் எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூன்றாவது காரணமென்றால் இன்றே ஏதாவது செய்தாக வேண்டும். தகட்டின் வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் பக்கத்தில் வைத்து, பல மாதங்களின் வழமையை மனத்தில் வைத்திருப்பவருக்கே இந்த நான்கையும் பிரித்தறிய முடியும். எல்லை தாண்டியதா என்று பார்க்கும் வேலையைக் கணினிகள் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகின்றன. செயற்கை நுண்ணறிவு வந்தால் அது இன்னும் நன்றாக நடக்கும். அதைப் பற்றி மேலும் கவலைப்பட எனக்கு எதுவும் இல்லை.

என் சண்டை வேறு. அந்த 0.1 வோல்ட்டை நீங்கள் பதிவேட்டில் எழுதுவீர்களா என்பதே என் கேள்வி.

எழுத்தாளனாவதற்கு முன்பு, துறைமுகத்துக்கு அருகே மீனும் இறைச்சியும் வைக்கும் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் நான் இரவு வேலை பார்த்தேன். மணிக்கு ஒரு தடவை ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் வாசித்துப் பேரேட்டில் எழுத வேண்டும். கொம்பனித்தெருவிலிருந்து வரும் ஒரு மலாய் முதியவர் அந்தப் பேரேட்டில் −17.5 என்றும் −18 என்றும் −17 என்றும் ஒழுங்கில்லாமல் எழுதிக்கொண்டு போவார். சில இரவுகளில் ஓரத்தில், ‘இரண்டாம் கம்பிரசரின் சத்தம் மாறியிருக்கிறது, காரணம் தெரியவில்லை’ என்று ஒரு வரியும் சேர்ப்பார். இன்னொருவர் இரவு பத்து மணிக்கே காலை ஆறு மணி வரைக்குமான எல்லாக் கட்டங்களிலும் −18 என்று நிரப்பிவிட்டுத் தூங்கப் போவார். அந்தப் பக்கத்தை இப்போதும் என்னால் பார்க்க முடியும்: ஒரே மை, ஒரே சாய்வு, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே எண். முகாமையாளருக்குப் பிடித்திருந்தது அந்தப் பக்கம்தான். காரணம் தெரியாததை எதற்கு எழுதுகிறாய், தணிக்கைக்கு வருபவன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று முதியவருக்குத்தான் ஏச்சு விழுந்தது. ஒரு விடியற்காலை இரண்டாம் அறையின் கதவுக்கடியிலிருந்து மீன் நாற்றத்தோடு தண்ணீர் வழிந்து வந்தபோது, பேரேட்டில் ஐந்து மணிக்கான −18 ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

உங்கள் துறையில் இதன் பெரிய வடிவம் சோஹோ. சூரியனை ஆராய 1995 டிசம்பரில் ஏவப்பட்ட அந்த விண்கலம், 1998 ஜூன் 25 அன்று தான் நோக்க வேண்டிய திசையை இழந்து, அவசரமாகச் சூரியனைத் தேடும் நிலைக்குப் போனது. கீழே இருந்தவர்கள் இரண்டு சுழல்காட்டிகளின் அளவீடுகளை ஒப்பிட்டார்கள். ஒன்று விண்கலம் சுழல்கிறது என்றது. மற்றது சுழலவில்லை என்றது. சுழல்கிறது என்று சொன்னதைப் பழுதென்று தீர்மானித்து அணைத்துவிட்டார்கள். உண்மையில் அதுவே சரியாகச் சொன்னது. ‘சுழலவில்லை’ என்று காட்டிய கருவியோ, முன்னதாக அனுப்பப்பட்ட கட்டளைத் தொடரில் இருந்த பிழையால், ஓடாமலே நின்றிருந்தது. நின்றுவிட்ட கருவி பூச்சியத்தைத் தவிர வேறு எதைக் காட்டும்? அதன் நிலையைச் சொல்லும் தரவு அவர்களிடமே இருந்தது. நெருக்கிப் போடப்பட்ட வேலை அட்டவணை ஒரு பக்கம், விரைவாகத் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் மறுபக்கம். ‘இரண்டும் முரண்படுகின்றன, காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு நிற்க எவரும் முன்வரவில்லை. விண்கலம் வேகமாகச் சுழன்று, சூரியத் தகடுகள் சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்ப, மின்சாரம் அற்று, எரிபொருள் உறைந்து, ஊமையாகிவிட்டது. ஜூலை 23 அன்று புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோவின் பெரிய அலைவாங்கியிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில் எதிரொலியைப் பிடித்துத்தான் அது இருக்கும் இடத்தை உறுதிப்படுத்தினார்கள். ஆகஸ்ட் 3 அன்று மெல்லிய சமிக்ஞை ஒன்று கிடைத்தது. மின்கலங்களை ஏற்றி, உறைந்த எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி, செப்டம்பரில் அதை மீட்டார்கள். தொலைத்ததும் மீட்டதும் அந்தத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கூட்டம்தான். வடிவமைத்தவர்களும் பக்கத்தில் நின்றார்கள், அதை நான் மறைக்கவில்லை.

அடுத்த ஆண்டே செவ்வாய்க் காலநிலைச் சுற்றுகலம் தொலைந்தது. விசையை அளக்கும் இறாத்தல் அலகும் நியூட்டன் அலகும் கலந்துவிட்டன என்ற கதையோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பயணப் பாதையின் கணக்கு எங்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வழிசெலுத்தும் குழுவினர் முன்பே கவனித்திருந்தார்கள் என்பதும், அதற்கென இருந்த முறையான முரண்பாட்டுப் படிவத்தில் எழுதாமல் மின்னஞ்சல்களிலும் பேச்சிலும் விட்டுவிட்டார்கள் என்பதும்தான் எனக்கு வலிக்கும் பகுதி. மறுபுறத்தில், 1969 நவம்பர் 14 அன்று நிலவுக்குப் புறப்பட்ட அப்பலோ 12 ஏறிய முதல் நிமிடத்திலேயே இரண்டு மின்னல்கள் தாக்கி, திரையில் எல்லா எண்களும் குழம்பியபோது, எந்த ஆளியைத் திருப்ப வேண்டும் என்று சொன்னவர் கீழே கட்டுப்பாட்டு அறையில் இருந்த 26 வயது ஜோன் ஆரன். ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு முன்பு ஒரு சோதனையின்போது அதே விசித்திர எண்களைத் திரையில் பார்த்து, தன் பொறுப்பில்லாத அந்தப் புதிரை விடாமல் துரத்திக் காரணம் கண்டிருந்தவர் அவர்.

நம்முடைய பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். உயர்தரப் பரீட்சைக்கு ரியூஷன் வகுப்புகளில் விடை தெரியாத கேள்வியையும் நிரப்பிவிட்டு வரப் பழகியவர்கள். சேர் ஒன்று சொன்ன பிறகு, “இல்லை சேர், இந்த எண் பொருந்தவில்லை” என்று சொல்ல நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நீங்களும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அப்பா, அம்மா, ‘என்கிறார்கள்’ என்று எல்லோரும் பேசுகிறார்கள், உங்கள் குரல் கடைசியில்தான் வருகிறது. நல்ல பயிற்சி நிலையங்களில், ஏவுவதற்கு முந்திய மாதங்களில் ஒத்திகை அதிகாரி ஒருவர் வேண்டுமென்றே பொய்யான பழுதுகளைப் புகுத்திக்கொண்டே இருப்பார். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் 1981 முதல் மாணவர்களே உண்மையான செய்மதிகளை இயக்கி வருகிறார்கள். கெப்லர் விண்தொலைநோக்கியும் அவர்களின் கையில் இருந்தது. உங்களுக்கு இடம் தந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்: மாணவர் கட்டளை அனுப்பும் செய்மதி உண்டா, வேலை மாறும்போது எழுதப்படும் குறிப்பை எவராவது வாசித்துத் திருத்துகிறார்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அந்தப் படிப்புக்குக் கடன் எடுக்காதீர்கள்.

அம்மாவிடம், இரவு வேலை எல்லோருக்கும் முறை வைத்துத்தான் வரும் என்று சொல்லுங்கள். மருத்துவத் தாதியர் எல்லோருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். உலகெங்கும் ஆர்வலர்கள் தம் வீட்டுக் கூரைகளிலிருந்து சிறு செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பிடித்துப் பொதுவில் வைக்கும் சட்நொக்ஸ் (SatNOGS) வலையமைப்பில், இன்னும் உயிரோடிருக்கும் ஒரு செய்மதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாத மின்னழுத்தத்தை எடுத்து வரைந்து, ஒவ்வொரு நாளும் முழு வாக்கியங்களில் குறிப்பு எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுங்கள். அதை எனக்கு அனுப்ப வேண்டாம், எனக்கு அது விளங்காது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியருக்கு அனுப்புங்கள்.