இன்னும் ஒரு ஆட்டின் விழுமா? போக்கர் கணக்கு: கேள்வி பதில்

டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் கை பாதியில் நிற்கும்போது அது முடிய எவ்வளவு வாய்ப்பு என்பதே இன்றைய விஷயம். கையில் 2 சீட்டு; மேசையில் முதலில் 3 (ஃப்ளாப்), அப்புறம் 1 (டர்ன்), கடைசியாக 1 (ரிவர்). கேளுங்கள்.

கேள்வி: கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்), ஃப்ளாப்பில் இரண்டு ஆட்டின். ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய என்ன வாய்ப்பு?

பதில்: மொத்தம் 13 ஆட்டினில் நான்கைப் பார்த்துவிட்டீர்கள், மிச்சம் 9. இவைதான் உங்கள் அவுட்ஸ், அதாவது கையை முடித்துத் தரும் சீட்டுகள். 52 சீட்டில் ஐந்தைப் பார்த்தாயிற்று, பார்க்காதவை 47. ஆக டர்னில் விழ 9/47, அதாவது 19.1 சதவீதம். அங்கே தவறினால் ரிவரில் 9/46. இந்த இரண்டையும் கூட்டக் கூடாது. இரண்டு முறையும் தவறுவதற்கான வாய்ப்பைப் பாருங்கள்: 38/47 × 37/46, சுமார் 65 சதவீதம். 100-இல் கழித்தால் 35.

மேசையில் இவ்வளவு பெருக்க முடியாது என்பதால் ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு சீட்டும் பாக்கி இருந்தால் அவுட்ஸை 4-ஆல் பெருக்கு, ஒன்றுதான் பாக்கி என்றால் 2-ஆல் பெருக்கு. ஒரு எச்சரிக்கை: மறுபடி பணம் கட்டாமல் இரண்டு சீட்டையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டுமே 4.

கேள்வி: ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு)?

பதில்: இரு பக்கமும் திறந்திருந்தால் 8 அவுட்ஸ், ரிவருக்குள் 31.5 சதவீதம். நடுவில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தால் 4 அவுட்ஸ், 16.5.

கேள்வி: என்னிடம் ஆட்டின் 8, 9. ஃப்ளாப்பில் ஆட்டின் 7, ஆட்டின் 10, ஸ்பேட் 2. ஃப்ளஷுக்கு 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு 8, மொத்தம் 17 தானே?

பதில்: இல்லை, 15. ஆட்டின் 6-ஐயும் ஆட்டின் ஜாக்கியையும் இரண்டு தடவை எண்ணிவிட்டீர்கள். 15 அவுட்ஸுக்கு 54.1 சதவீதம். குறுக்குவழி 60 என்று சொல்லும். அவுட்ஸ் 8-ஐத் தாண்டினால் தாண்டியதைக் கழித்துவிடுங்கள்: 60 - 7 = 53. போதுமான அளவு நெருக்கம்.

கேள்வி: எதிராளி பெரிதாக வைத்தால் போவதா, விடுவதா?

பதில்: பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத்தில், 400 சிப். அவர் 400 வைக்கிறார். நீங்களும் 400 போட்டால் மொத்தம் 1,200, அதில் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. ஆகவே உங்களுக்கு 33.3 சதவீத வாய்ப்பாவது வேண்டும். ஃப்ளஷுக்கு 35 இருக்கிறதே, போகலாம் என்பீர்கள். அவர் ஆல்-இன் (கையிலுள்ள எல்லா சிப்பையும் வைப்பது) போயிருந்தால் சரி. அவரிடம் இன்னும் சிப் இருந்தால் டர்னில் மறுபடி வைப்பார், அப்போது இந்த 400 வாங்கித் தருவது ஒரே ஒரு சீட்டைத்தான். வாய்ப்பு 19. ஃப்ளஷ் விழுந்த பிறகு அவரிடமிருந்து இன்னும் 890 சிப் கறக்க முடியும் என்று தெரிந்தால் ஒழிய நஷ்டம்.

கேள்வி: நீங்கள் 47-ஆல் வகுப்பது தப்பு. ஒன்பது பேர் ஆடினால் 16 சீட்டு மற்றவர்கள் கையில். அவை வரப்போவதே இல்லையே?

பதில்: இது வரும் என்று தெரியும். கட்டைக் குலுக்கி, மேல் சீட்டைப் பார்க்காமல் தட்டுக்கு அடியில் வையுங்கள். அடுத்த சீட்டு ஆட்டின் ஏஸாக இருக்க வாய்ப்பு 1/51 ஆகிவிட்டதா? இல்லை. தட்டுக்கு அடியிலேயே ஏஸ் இருக்கலாம் அல்லவா? 51/52 × 1/51, பழையபடி 1/52 தான். பார்க்காத சீட்டு யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான்.

அதே வாசகர்: தொலைக்காட்சியில் அதே கைக்கு 36.4 காட்டினார்களே?

பதில்: அவர்கள் எதிராளியின் இரண்டு சீட்டையும் பார்க்கிறார்கள். இரண்டும் ஆட்டின் இல்லையென்றால் 45-இல் 9 அவுட்ஸ், சரியாக 36.4 வரும். அது பார்த்தவருக்கான கணக்கு.

இன்னொருவர்: பக்கத்துக்காரர் சீட்டு தவறிக் கவிழ்ந்து நான் பார்த்துவிட்டால்?

பதில்: அருமையான கேள்வி. அது ஆட்டினாக இருந்தால் 8/46, வேறாக இருந்தால் 9/46. ஆட்டினாக இருக்க வாய்ப்பு 9/47, இல்லாமலிருக்க 38/47. பெருக்கிக் கூட்டுங்கள்: (72 + 342) / 2162. சுருக்கினால் அதே 9/47! தட்டை நம்பாதவர்கள் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வாசகர் மறுபடி: ஃபோல்டு செய்தவர்கள் (சீட்டைப் போட்டுவிட்டு விலகியவர்கள்) மட்டச் சீட்டுக்காரர்கள். அப்போது ஏஸ்கள் கட்டில் அதிகம் இருக்காதா?

பதில்: இருக்கும்! இப்போது சொல்வது வேறு வாதம், சரியான வாதமும்கூட. தூக்கிப்போட்டது ஒரு தகவல். ஆனால் ஆட்டினா கிளாவரா என்பதைப் பற்றி அது அநேகமாக எதுவும் சொல்வதில்லை, அதனால் ஃப்ளஷ் கணக்கு அசையாது.

கேள்வி: 9 × 4 = 36, அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு எப்போதும் போகலாம் இல்லையா?

பதில்: எப்போதும் இல்லை. 400 சிப் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பணம் வைத்து ஆடலாமா?

பதில்: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்கிறது. மேற்கொண்டு வக்கீலைக் கேளுங்கள். நான் கணக்கு ஆள்.

கேள்வி: தொடர்ந்து மூன்று முறை ஃப்ளஷ் தவறியது. அடுத்தது வந்தே ஆக வேண்டும்தானே?

பதில்: மூன்றும் தவற 27.5 சதவீதம் வாய்ப்பு உண்டு, அதிசயமே இல்லை. நான்காவதற்கும் அதே 35.

கேள்வி: ஃப்ளஷுக்கு 9 அவுட்ஸும் எப்போதும் நல்லவைதானா?

பதில்: இல்லை. உங்களிடம் ஆட்டின் ஏஸ், 9. ஃப்ளாப்பில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 7, ஸ்பேட் 2. எதிராளி கையில் இரண்டு 7 என்று வையுங்கள். ஆட்டின் 2 விழுந்தால் உங்களுக்கு ஃப்ளஷ், அவருக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு); அது ஃப்ளஷை வெல்லும். ஆக 8 தான். டர்னில் நல்ல ஆட்டின் விழுந்தாலும் ரிவரில் மேசைச் சீட்டு ஜோடி சேர்ந்தால் போச்சு.

கேள்வி: அந்த 7 வைத்திருப்பவர் நானாக இருந்தால்?

பதில்: ஃபுல் ஹவுஸோ நான்கு 7-ஓ அமைய டர்னில் 7 அவுட்ஸ்: மிச்ச 7 ஒன்று, ராஜா மூன்று, 2 மூன்று. தவறினாலும் புதிதாக விழுந்த சீட்டின் ஜோடிகள் மூன்று சேர்ந்து ரிவரில் 10. மொத்தம் 33.4 சதவீதம். தவறியபின் அவுட்ஸ் கூடுகிற கை இது, எனக்குப் பிடித்தது. 4-ஆல் பெருக்கினால் 28 தான் வரும்.

கேள்வி: அப்போ ஃப்ளஷுக்கு 4-ஆல் பெருக்கி...

பதில்: 400 சிப்.