பி.எஸ்சி. புள்ளியியல் முடித்தால் ஐ.இ.எஸ். எழுதலாமா?

பி.எஸ்சி. புள்ளியியலை மட்டும் வைத்து இந்தியப் பொருளாதாரப் பணிக்கு (ஐ.இ.எஸ்.) விண்ணப்பிக்க முடியாது. இந்தியப் புள்ளியியல் பணிக்கு (ஐ.எஸ்.எஸ்.) தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

இரண்டுக்கும் யு.பி.எஸ்.சி. ஒரே அறிவிப்பு வெளியிடுவதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கும். முன்னதற்குப் பொருளாதாரத்திலோ அதை ஒட்டிய துறையிலோ முதுகலை வேண்டும். பின்னதற்கு இளங்கலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே போதும்.

சரி, மதிப்பெண் பட்டியலை எடுத்து, பாடத்தின் பெயரிலேயே ‘புள்ளியியல்’ என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் வயது: பொதுப் பிரிவென்றால் ஆகஸ்ட் 1 அன்று 21 நிரம்பியிருக்க வேண்டும், 30 ஆகியிருக்கக் கூடாது.

கொள்குறி வினாக்களை மட்டும் நம்பி இறங்காதீர்கள். புள்ளியியல் மூன்றாம், நான்காம் தாள்கள் விரித்து எழுத வேண்டியவை, தலா 200 மதிப்பெண். நிரூபணங்களை இப்போதிருந்தே கையால் எழுதிப் பழகுங்கள்.