பத்துமலையைத் தாண்டி மலேசியாவில் எந்த இயற்கை அதிசயத்தைப் பார்க்கலாம்?

கோலாலம்பூரில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது சரவாக் மாநிலத்தின் முலு குகைகளைத்தான். பத்துமலை போலவே அதுவும் சுண்ணாம்புப் பாறை. நீர் கரைத்துக் கரைத்தே குடைந்தது. மாலை ஐந்து மணிவாக்கில் அங்குள்ள மான் குகை எதிரே உட்கார்ந்துவிடுங்கள். லட்சக்கணக்கான வௌவால்கள் சுருள் சுருளாகக் கிளம்பி இரை தேடிப் போகும். அவற்றைப் பிடிக்கப் பருந்துகள் மேலே வட்டமிடும். பார்க்கப் பார்க்க அலுக்காது! கனமழை என்றால் வௌவால்கள் வெளியே வராமலும் இருந்துவிடும், அதனால் ஓர் இரவு கூடுதலாகத் தங்குவது நல்லது. சரவாக்கின் மிரி நகரிலிருந்து சிறு விமானம் உண்டு. உள்நாட்டுப் பயணம்தான் என்றாலும் சரவாக்கில் குடிநுழைவுச் சோதனை இருக்கிறது, மைகார்டை (மலேசிய அடையாள அட்டை) மறக்காதீர்கள்.

மலையேறத் தெம்புள்ளவர்களுக்குச் சபா மாநிலத்தின் கினாபாலு மலை, உயரம் 4,095 மீட்டர். முலு, கினாபாலு இரண்டுமே 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. கினாபாலு ஏற முன்பதிவு கட்டாயம்.