பின்னால் நின்றவர்களா?

கேள்வி: அடிமை முறையை ஒழித்தவர்கள் வில்பர்ஃபோர்ஸும் லிங்கனும். பெண்கள் பின்னால் நின்று உதவினார்கள், அவ்வளவுதானே? இப்போது எதற்கெடுத்தாலும் பெண்களை முன்னால் கொண்டுவந்து சரித்திரத்தைத் திருத்துகிறார்களே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அவரும் நண்பர்களும் 1823-ல் லண்டனில் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே 'படிப்படியாக ஒழிப்பது' என்றுதான் இருந்தது. அடுத்த வருஷமே லெஸ்டர் நகரத்தின் எலிசபெத் ஹேரிக், 'படிப்படியாக அல்ல, உடனே' என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அதோடு விடவில்லை. அடிமைகளை வைத்து விளைவித்த மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை வாங்காதீர்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். மளிகைக் கடைக்காரர்களையும் விடவில்லை. சர்க்கரை விலைபோகாவிட்டால் தோட்ட முதலாளி எதற்காக அடிமைகளை வைத்திருக்கப் போகிறான்? ஓட்டுரிமை இல்லாத பெண்ணுக்கும் எந்தச் சர்க்கரை வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை இருந்ததே!

வில்பர்ஃபோர்ஸுக்கு இது ரசிக்கவில்லை. பெண்கள் கூட்டம் போடுவதும், பிரசுரம் வெளியிடுவதும், மனுவுக்காக வீடு வீடாகப் போவதும் பைபிள் சொல்லும் பெண்மைக்குப் பொருந்தாது என்று கடிதமே எழுதினார். பெண்கள் சங்கங்கள் திரட்டிக் கொடுத்த பணம் மட்டும் பொருந்தியது போலிருக்கிறது! 1830-ல் பர்மிங்காம் பெண்கள் சங்கம், லண்டன் சங்கத்தின் பெயரிலிருந்து 'படிப்படியாக' போனால்தான் நன்கொடை என்று சொல்லிவிட்டது. அந்த வருஷமே அது போயிற்று. 1833-ல் பிரிட்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஹேரிக் உயிரோடு இல்லை. நஷ்டஈடு கொடுப்பதானால் முதலில் அடிமைகளுக்கல்லவா என்று கேட்டிருந்தவர் அவர். 2 கோடி பவுன் முதலாளிகளுக்குப் போயிற்று.

அமெரிக்கக் கதையும் லண்டனில்தான் திரும்புகிறது. 1840-ல் அங்கு நடந்த உலக அடிமை எதிர்ப்பு மாநாட்டுக்கு, பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு கப்பலேறி வந்த அமெரிக்கப் பெண்களை, தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி உட்கார்த்தப்பட்ட லுக்ரீஷியா மாட்டும், புதுமணப் பெண்ணாகக் கணவருடன் வந்திருந்த எலிசபெத் கேடி ஸ்டான்டனும் அங்கேதான் சந்தித்தார்கள். 1848-ல் அமெரிக்காவின் செனெகா ஃபால்ஸில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டை முன்னின்று கூட்டியவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட தீர்மானத்துக்காக எழுந்து வாதாடியவர், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ்.

பெண்களைத் தூக்கிவைத்து எழுதுகிறோம் என்கிறீர்களே, இதையும் கேளுங்கள். கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை தரும் 15-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது, பெண்களை விட்டுவிட்டார்களே என்ற கோபத்தில் இதே ஸ்டான்டன் அதை எதிர்த்தார். கறுப்பர்களை இழிவாகவும் பேசினார். 1869-ல் பெண்ணுரிமை இயக்கம் இரண்டாக உடைந்தது.