செர்னோபில் மாலை

அன்புள்ள ஐயா,

பெலாரஸ் போன்ற கதிர்வீச்சு பாதித்த நாட்டில், கேமராவை நுழைத்துச் சின்னக் கீறலில் செய்யும் தைராய்டு ஆபரேஷன் எதற்கு? பழைய முறையிலேயே பிழைத்துவிடுகிறார்களே. தழும்பைக் குறைப்பது வெறும் அழகு விஷயம்தானே? இதை எங்கே போய்க் கற்கலாம்?

மருத்துவ மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

எங்கே கற்கலாம் என்பதை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். எனக்குப் பொறுக்காதது 'வெறும் அழகு' என்ற சொல்.

என் பெரியம்மாவுக்குக் கழுத்துக் கழலை ஆபரேஷன் நடந்தபோது எனக்கு எட்டு வயது. அப்புறம் சித்திரை வெயிலிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். ஒரு கல்யாணப் பந்தியில் முந்தானை நழுவியது. எதிரே இருந்த அம்மாள், "கழுத்தை அறுத்துக்கிட்டியா?" என்றார். பாயசம் வருவதற்குள் பெரியம்மா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அழகு போன துக்கமா அது? இல்லையம்மா. முன்பின் தெரியாதவர்கூட அவர் கதையைக் கழுத்தில் படித்துவிடுகிறாரே, அந்த வேதனை.

பெலாரஸில் அந்தத் தழும்புக்குப் பெயரே உண்டு: செர்னோபில் மாலை. 1986 ஏப்ரல் 26-இல் பக்கத்து உக்ரைனில் இருந்த செர்னோபில் அணு உலை வெடித்தது. அயோடின்-131 என்ற கதிர்வீச்சு அயோடின் புல்லில் விழுந்தது, பசு மேய்ந்தது, பிள்ளைகள் பால் குடித்தார்கள். எட்டு நாளில் பாதியாகிவிடும் நஞ்சுதான். ஆனால் அந்த மண்ணிலேயே அயோடின் குறைவு என்பதால், அயோடினுக்குப் பசித்திருந்த தைராய்டு அதை அள்ளிக்கொண்டது. பக்கத்துப் போலந்து சில நாட்களுக்குள் தைராய்டில் அந்த நஞ்சுக்கு இடமில்லாமல் செய்ய, சுமார் ஒரு கோடிப் பிள்ளைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது. பெலாரஸின் கோமெல் பகுதிக் கிராமங்களுக்கு அது வேளைக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளைகளிடம் தைராய்டு புற்றுநோய் பெருகுகிறது என்று பெலாரஸ் தலைநகரான மின்ஸ்கின் மருத்துவர்கள் 1992-இல் எழுதியபோது, வெளிநாட்டு நிபுணர்களில் பலர் நம்பவில்லை.

பெரும்பாலோர் பிழைத்தார்கள், உண்மைதான். பத்து வயதில் கத்தி பட்ட சிறுமி இன்று நடுவயதுக்காரி. சட்டைக் காலருக்கு மேல் தெரிகிற அந்தக் கோட்டைப் பார்த்தாலே 'அந்தப் பக்கத்துப் பிள்ளை' என்று தெரிந்துவிடும். சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு இருந்ததே இல்லை. இத்தாலியில், பீசா நகரில், அறுவை மருத்துவர் பாவ்லோ மிக்கோலி 1990-களின் பிற்பகுதியில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீறலில், நீங்கள் கேட்ட இந்தக் கேமரா ஆபரேஷனைச் செய்து காட்டினார். பெலாரஸ் போன்ற நாட்டுக்கு இது ஆடம்பரமா? அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும் என்பேன்.

சரி, எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தாலோ கழுத்தை அகலமாகத் திறந்தே ஆகவேண்டும். அந்தச் சிறுவர்களில் பலருக்குப் பரவித்தான் இருந்தது. குரல் நரம்பைக் காப்பது தழும்பைவிட முக்கியம். சின்னக் கீறலுக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் குரலைப் பறித்துவிடாதீர்கள்.

எந்த முறையானாலும், நோயாளியைப் படுக்கவைத்து மயக்கம் கொடுத்த பிறகு கீறல் எங்கே என்று தேடாதீர்கள். அதற்கு முன்பே நேராக உட்காரவையுங்கள். கண்ணாடியைக் கையில் கொடுங்கள். கழுத்து மடிப்பு எங்கே விழுகிறது என்று இருவருமாகப் பார்த்து, அங்கே பேனாவால் கோடு போடுங்கள்.